விஞ்ஞானப் புனைகதை இரசிகர் ஏடுகளும் இளமை நினைவும்

புறநானூற்றின் 243ஆம் செய்யுளைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. தொடித்தலை விழுத்தண்டினார் என, அவர் ஊன்றிய கோலின் பெயராலேயே அவரை அறிகின்றோம். இருமலுக்கிடையே ஒன்றிரண்டு சொற்களை உதிர்க்கும் அம்முதியவர், நீர்த்துறையிற் படிந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்குமாறு ஆழ்மடுவிற் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்து காட்டிய தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். உயர்தர வகுப்பில் இச்செய்யுளை நடத்தியபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "அந்த மணலைப் பிறகு என்ன செய்தார், சேர்?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயின் வீடு திரும்பும் வழியில் அவ்வினா எம்மை விட்டகலவில்லை. மடுவின் மணலும் கரையின் மணலும் ஒரே மணல்தான். கரையேறியதும் அதனைக் கீழே விட்டிருப்பார்; வேறெதுவும் செய்திருக்க இயலாது. அவ்வாறிருந்தும், தண்டூன்றும் பருவத்தில் அவர் நினைவில் எஞ்சி நிற்பது அக்கைப்பிடி மணலே.

இவ்வினாவை, வேறொரு நிலத்து இளைஞர் வேறொரு காலத்தில் அள்ளிய மணலின்மேல் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். 1930ஆம் ஆண்டு தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பள்ளிப் பருவத்து இளைஞர் சிலர் விஞ்ஞானப் புனைகதைகளைப் பற்றித் தாமே எழுதி, தாமே பிரதி செய்து, தாமே தபாலில் அனுப்பிய சிற்றேடுகள் பல. அவற்றை நடத்தியவர்களும் படித்தவர்களும் முதுமையெய்தியபின் அவற்றை நினைந்து எழுதிய நூல்கள் ஒரு தனி இலக்கியத் துறையாகவே வளர்ந்துள்ளன. அந்நூல்கள் மணலைப் பற்றிப் பேசுகின்றனவா, மடுவின் ஆழத்தைப் பற்றிப் பேசுகின்றனவா என்பதே எமது வினா.

இவ்வேடுகளின் தோற்றம் தற்செயலானது. லக்சம்பேர்க்கிற் பிறந்து 1904இல் அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கேர்ண்ஸ்பாக் என்பார் 1926 ஏப்பிரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். முற்றாக விஞ்ஞானப் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கிலச் சஞ்சிகை அது. அதன் கடிதப் பகுதியில் வாசகரின் பெயரோடு முழு முகவரியும் அச்சிடப்பட்டது. இச்சிறு வழக்கத்தின் விளைவு பெரிது. ஒரு சிற்றூரில் இத்தகைய கதைகளை விரும்பும் ஒரே சிறுவனாக, அயலாரின் நகைப்புக்கு ஆளாகியிருந்தவன், தன்னையொத்த மற்றொருவன் நானூறு மைல் தொலைவில் இருப்பதை அறிந்தான். கடிதங்கள் சஞ்சிகையை விட்டு நேரே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லத் தொடங்கின. கடிதம் எழுதுவோர் கழகம் அமைத்தனர். கழகம் ஏடு நடத்திற்று. 1930 மே மாதத்தில் ரேமண்ட் பாமர் முதலியோர் வெளியிட்ட 'த கொமெற்' என்பதே இவ்வகையில் முதலாவது என்று பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. இன்று இவற்றைச் சுட்ட வழங்கும் 'பான்சீன்' என்னும் சொல்லை ரஸ் சோவனே என்னும் இரசிகர் 1940இல் ஆக்கினார். பத்தாண்டுக் காலம் பொருள் இருந்து, பெயர் பின்னர் வந்தது.

இவ்வேடுகள் செய்யப்பட்ட முறையை அறியாமல் அவற்றின்மீது எழுந்த ஏக்கத்தை அறிதல் இயலாது. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். அச்சகத்திற்குக் கொடுக்கப் பணமில்லாத சிறுவர் முதலில் நாடியது 'ஹெக்டோகிராப்' என்னும் முறை. ஜெலற்றினையும் கிளிசரினையும் காய்ச்சி ஒரு தட்டில் ஊற்றி உறையவிடுவர். அனிலின் சாயம் சேர்ந்த ஊதா மையால் எழுதிய மூலத்தாளை அப்பாகின்மேல் அழுத்தினால், மை பாகில் இறங்கும். பின்னர் வெறுந்தாள்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து எடுக்க, ஒவ்வொன்றிலும் எழுத்துப் பதியும். முதற்றாள் கரிய ஊதா; பத்தாவது தாள் நல்ல ஊதா; நாற்பதாவது வெளிறிய நீலம். ஏறத்தாழ 50 பிரதிகளுக்குமேல் பெறுதல் அரிது. மூலத்தாள் எழுதியவனின் விரல்கள் பல நாட்களுக்கு ஊதா நிறமாகவே இருக்கும். சிறிது பணம் சேர்ந்தவர் மெழுகுத்தாளில் தட்டச்சிட்டு மையுருளையிற் சுற்றும் முறைக்கு மாறினர். நம் நாட்டுப் பாடசாலைகளில் வினாத்தாள் அடித்த ரோனியோ இயந்திரத்தைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஸ்டென்சிலில் 'o' என்னும் எழுத்தைச் சற்று வலிந்து அடித்தால் அவ்வட்டம் கழன்று விழுந்து, தாளில் ஒரு கரும்பொட்டாகப் பதிவதையும் அவர்கள் மறந்திரார்.

பிரதிகள் ஐம்பதாயின் வாசகரும் ஐம்பதின்மரே. அவ்வைம்பதின்மருள்ளும் பெரும்பாலோர் தாமும் ஓர் ஏடு நடத்துவோர். காசு கொடுத்து வாங்குவோரினும், தம் ஏட்டைக் கொடுத்து மாற்றாகப் பெறுவோரும், நீண்ட கடிதம் ஒன்று எழுதி அதற்கு ஈடாகப் பெறுவோருமே மிக்கிருந்தனர். எழுதுவோனும் வாசிப்போனும் வேறு வேறு ஆட்களாகப் பிரியாத ஓர் இலக்கியச் சூழல் இது. நம் பாடசாலைகளில் வழங்கிய கையெழுத்துப் பத்திரிகைகளும் இவ்வியல்பின. ஆயின் அவை ஒரு வகுப்பின் சுவர்களுக்குள் நின்றன. இவையோ தபால் வழியே கடல் கடந்தன.

இவற்றில் என்ன எழுதினர்? பெரும்பகுதி அன்று அங்காடிக்கு வந்த சஞ்சிகைகளைப் பற்றிய வாதம், எழுத்தாளரைப் பற்றிய செய்தி, ஒருவரை ஒருவர் சாடிய கடிதம், இடையிடையே கதை. கதைகள் பெரும்பாலும் தேறாதவை என்று கூறிவிடுவதில் எமக்குத் தயக்கமில்லை. ஆயினும் அவ்வேடுகளை எவர் நடத்தினர் என்று பார்க்கும்போது வியப்புண்டாகும். கிளீவ்லாந்து நகரில் ஜெரோம் சீகல் என்னும் பதினெட்டு வயது இளைஞன் 'சயன்ஸ் பிக்சன்' என்னும் பெயரில் ஐந்து இதழ்கள் வெளியிட்டான். 1933 சனவரியில் வந்த மூன்றாம் இதழில் அவன் புனைபெயரில் எழுதி, நண்பன் ஜோ ஷஸ்டர் படம் வரைந்த கதையொன்றில் 'சுப்பர்மான்' என்னும் பெயர் தோன்றிற்று. அக்கதையில் அவன் கொடியவன். ஐந்தாண்டின் பின்னர், 1938இல், அதே இருவர் அதே பெயருக்கு நற்குணம் கொடுத்து 130 டொலருக்கு ஒரு நிறுவனத்திற்கு விற்றனர். அதன்பின் நிகழ்ந்ததை உலகறியும். லொஸ் ஏஞ்சலிசில் ரே பிராட்பரி 1939இலும் 1940இலும் 'பியூச்சூரியா பண்டேசியா' என்னும் ஏட்டை நான்கு இதழ்கள் நடத்தினார். அப்போது அவர் எழுத்துக்கு ஒரு சதமேனும் பெற்றவர் அல்லர். இங்கிலாந்திலே நனீட்டன் என்னும் ஊரில் 1936இல் மொறிஸ் ஹான்சனும் டெனிஸ் ஜாக்சும் 'நோவே டெரே' என இலத்தீனிற் பெயரிட்டு ஓர் ஏடு தொடங்கினர். அது 1939இல் கார்னல் என்பாரின் கைக்கு மாறி 'நியூ வேர்ல்ட்ஸ்' எனப் பெயரை ஆங்கிலமாக்கிக்கொண்டு, போருக்குப் பின் 1946இல் அச்சுச் சஞ்சிகையாயிற்று. 1964இன் பின்னர் மைக்கேல் மூர்கொக்கின் ஆசிரியத்துவத்தில் ஒரு புதிய இலக்கிய இயக்கத்தின் களமாகவும் விளங்கிற்று. அந்நோவே டெரேயின் இலண்டன் குழுவில் இருந்தவருள் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க்.

கிளார்க்கைப் பற்றிப் பேசுமுன் இவ்வேக்கத்தின் இயல்பை நம் இலக்கணத்தின் துணைகொண்டு ஒருவாறு வரையறுத்துக்கொள்ளலாம். மேனாட்டார் இதற்கு வழங்கும் 'நொஸ்டால்ஜியா' என்னும் சொல், 1688இல் யோகான்னஸ் ஹோபர் என்னும் சுவிஸ் மருத்துவ மாணவர் இரண்டு கிரேக்கச் சொற்களைக் கூட்டி ஆக்கிய நோய்ப்பெயர். தாய்நாட்டை விட்டுப் பிரிந்தோர்க்கு வரும் நோய் என்பது அவர் கருத்து. நோய் என்று தொடங்கிய சொல் பின்னர் சுவையாயிற்று. நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கைக்கு நிலைக்களன் நான்கு கூறுவர்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். விஞ்ஞானப் புனைகதையைக் கண்டிராத ஒருவர் அதன் பொருளடக்கத்தை இதனினும் செவ்வனே வகுத்திருக்க முடியாது. முன்பு காணாத பொறிகள் புதுமை. விண்வெளியும் கோள்களும் பெருமை. அணுவுக்குள் ஓர் உலகு காணும் கதைகள் சிறுமை. ஒன்று மற்றொன்றாய்த் திரிதல் ஆக்கம். இரசிகர் தம் ஆங்கிலத்தில் எந்நேரமும் பேசிக்கொண்ட 'வியப்புணர்வு' இம்மருட்கையே. இனி, அழுகைக்கும் தொல்காப்பியர் நான்கு களன் கூறுவர். அவற்றுள் ஒன்று இழவு. இளமையில் ஒரு பொருள்பற்றி எழுந்த மருட்கை, முதுமையில் அதே பொருள்பற்றி இழவாய் மாறுவதையே நாம் இங்குக் காண்கின்றோம். இதிலுள்ள இடர்ப்பாடு யாதெனில், இழந்தவன் தான் இழந்தது எது என்பதில் மயங்குகின்றான் என்பதே. பன்னிரண்டு வயதையே அவன் இழந்தான். இழந்தது நல்ல கதைகளை என்று எண்ணிக்கொள்கின்றான். விஞ்ஞானப் புனைகதையின் பொற்காலம் எது என்று கேட்டால் பன்னிரண்டு வயது என்று விடையிறுக்கும் வேடிக்கை அவ்விரசிகரிடையே 1950களின் பிற்பகுதி முதல் வழங்கிவருகின்றது. மருத்துவனுக்கு முன்னரே நோயாளி தன் நோயைக் கண்டறிந்துகொண்டான் போலும்!

ஐசாக் அசிமோவ் 1974இல் தொகுத்து வெளியிட்ட 'பிபோர் த கோல்டன் ஏஜ்' என்னும் பெருந்தொகுதி இம்மயக்கத்திற்குத் தக்க சான்று. தாம் 1930களிற் படித்த கதைகளை மீளப் பதிப்பித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே தம் வாழ்க்கை வரலாற்றைக் கோத்துச் செல்கின்றார். புரூக்ளினில் அவர் தந்தையார் இனிப்புக்கடை வைத்திருந்தார். கடையிற் சஞ்சிகைகளும் விற்கப்பட்டன. மகனுக்கு அவற்றைத் தொட அனுமதியில்லை. 1929இல் ஒன்பது வயதுச் சிறுவன் 'சயன்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்' இதழொன்றைத் தந்தையிடம் காட்டி, தலைப்பில் 'விஞ்ஞானம்' என்னும் சொல் இருப்பதைச் சுட்டி அனுமதி பெற்றுவிட்டான். இப்பகுதியைப் படிப்போர் எவரும் நூலைக் கீழே வையார். ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கதைக்குள் நுழைந்ததும் சோர்வு தட்டுகின்றது. வாழ்க்கைக் குறிப்பு உயிருள்ளது, கதை மரக்கட்டை. இவ்வேறுபாட்டை அசிமோவ் அறியாதவர் அல்லர். அணுவினுள் அமைந்த உலகைப் பற்றி எஸ். பி. மீக் 1931இல் எழுதிய கதையில் நிறத்தைக் கொண்டு மாந்தரை உயர்த்தியும் தாழ்த்தியும் கூறும் இழிவு உண்டு. சிறுவயதில் தமக்கு அது உறைக்கவில்லை என்னும் உண்மையை அவர் மறைக்கவில்லை. ஆயினும் ஒப்புக்கொண்டு விரைந்து கடந்துவிடுகின்றார். நாம் அவ்வாறு கடத்தல் அரிது. அக்காலக் கதைகள் பலவற்றில் மஞ்சள் நிறத்தவர் சூழ்ச்சிக்காரர். கரிய நிறத்தவர் ஏவலர். அண்டங்கள் அனைத்தையும் சுற்றிவந்த கற்பனை, தன் தெருவின் எல்லையைத் தாண்டவில்லை. பிறர் இளமையை நினைந்து மகிழும் நூலை வாசிக்கும்போது, அவ்விளமையின் விருந்தில் நமக்கு எவ்விடத்தில் இலை போட்டிருந்தார்கள் என்று நோக்குதல் தவறாகாது.

கிளார்க்கின் நூல் வேறு வகையினது. 1989இல் வெளிவந்த 'அஸ்டவுண்டிங் டேஸ்' என்பது அவர் 1956 தொடக்கம் வாழ்ந்த நம் நாட்டிலிருந்து, இங்கிலாந்தின் சொமர்செற் மாநிலத்துச் சிறுவனொருவனைத் திரும்பிப் பார்க்கும் நூல். 1930 சனவரியிற் பிறந்த 'அஸ்டவுண்டிங்' சஞ்சிகையின் ஆசிரியர் மூவர், பேட்ஸ், திரெமெயின், கம்பெல் ஆகியோர் பெயரால் நூல் மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. தம் வாழ்வைத் தாம் பிறந்த ஆண்டாலோ, கற்ற கல்லூரியாலோ பகுத்துக்கொள்ளாமல், ஒரு சஞ்சிகையின் ஆசிரியர்களால் பகுத்துக்கொண்ட தன்வரலாறு வேறொன்றை யாம் கண்டிலேம்.

அவர் கண்ட முதல் விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகை 1928 நவம்பர் மாதத்து 'அமேசிங் ஸ்டோரீஸ்'. பிராங்க் பௌல் வரைந்த அட்டையில், துணைக்கோளொன்றின் வானத்தை நிறைத்துக்கொண்டு வியாழன் எழுந்து நிற்கும். அவ்வட்டையை முதுமையிலும் அவர் வியந்து எழுதினார். பின்னர் டோண்டன் நகரத்துப் பாடசாலையிற் கற்றபோது மதிய இடைவேளையில் வுல்வேர்த் கடைக்கு ஓடி, மூன்று பென்சுக்கு அமெரிக்கப் பழைய சஞ்சிகைகளைத் தேடி வாங்குவார். அவை அத்திலாந்திக்கைக் கடந்து கப்பல்களின் அடிப்பாரமாக வந்தவை என்பது அக்கால இரசிகர் யாவரும் கூறும் கதை. விற்கப்படாத கனவுகள் கப்பலைக் கவிழாமற் காத்தன போலும். தந்தையார் 1931இல் இறந்தபின் அன்னையார் பண்ணையை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். பல்கலைக்கழகம் எட்டாத தூரத்தில் இருந்தது. 1936இல் கிளார்க் இலண்டனில் அரசாங்கக் கணக்காய்வு எழுதுவினைஞராய் அமர்ந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் கால் வைத்தது போர் முடிந்தபின்னரே. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவருக்குக் கல்லூரியாய் அமைந்தவை இரசிகர் கழகமும், 1933இல் லிவர்பூலில் தோன்றிய பிரித்தானியக் கோளிடைப் பயணக் கழகமும், அவற்றின் ஏடுகளுமே. தபாலிற் பாடக்குறிப்புப் பெற்று, வேலை முடிந்த இரவுகளிற் படித்து, வெளிவாரியாகப் பட்டம் பெற்ற எம்போன்றோர்க்கு இப்பகுதி ஏன் நெஞ்சைத் தொடுகின்றது என்பதைக் கூற வேண்டியதில்லை.

எனினும் விமரிசகனின் கடமை நெஞ்சு தொடப்பட்டதோடு முடிவதன்று. கிளார்க்கின் நூலில் உள்ள பெருங்குணம், பழைய கதைகளை அவர் ஒரு விஞ்ஞானியின் கண்ணால் மீள நோக்குவது. இதழிதழாக எடுத்து, இக்கணிப்புப் பிழை, இவ்விசை இவ்வாறு தொழிற்படாது என்று திருத்திச் செல்கின்றார். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மருட்கையும் எழுபது வயது அறிஞரின் அளவுகோலும் ஒரே பக்கத்தில் எதிர்ப்படுகின்றன. அவ்விடங்களில் நூல் ஒளிவிடுகின்றது. குறை யாதெனில், அவர் கதைகளின் விஞ்ஞானத்தைத் திருத்துமளவு அவற்றின் தமிழை, அதாவது மொழிநடையையும் பாத்திர அமைப்பையும், திருத்தமாட்டார். அங்கு அவர் நாவடங்கிவிடுகின்றார், அல்லது ஒரு நகைச்சுவைத் துணுக்கைக் கூறிவிட்டு அப்பாற் செல்கின்றார். நூலின் பிற்பகுதியில் பெயர்களும் நிகழ்ச்சிகளும் குவிகின்றன. அஸ்டவுண்டிங் இதழ்களைத் தாமே படித்திராத வாசகன் வாயிலில் நிற்க நேரும். உள்ளே விருந்து நடப்பது கேட்கின்றது, கதவு திறக்கவில்லை.

அவர் இளமையில் எழுதியவற்றையே எடுத்து நோக்குவோம். லீட்சு நகரிலிருந்து வெளிவந்த 'அமெச்சூர் சயன்ஸ் ஸ்டோரீஸ்' என்னும் இரசிகர் ஏட்டில் 1937 திசம்பரில் 'டிராவல் பை வயர்!' என்னும் கதையும், 1938 மார்ச்சில் 'ஹௌ வீ வென்ற் டு மார்ஸ்' என்னும் கதையும் வெளிவந்தன. முன்னையது மனிதரை மின்கம்பி வழியாக அனுப்பும் நிறுவனத்தின் கதை. பின்னையது வைக்கோலிற் குறட்டை விடும் ஊர் என்று பொருள்படும் பெயருடைய கிராமத்து ராக்கெற் கழகத்தார் செவ்வாய்க்குச் சென்று வந்த கேலிக்கதை. இவற்றை ஒரு மாணவன் எம்மிடம் திருத்தத் தந்திருப்பின் யாது செய்திருப்போம்? இம்மலரின் மாணவர் பகுதியைச் சில ஆண்டுகள் திருத்தியவன் என்ற முறையில் மெய்யாகவே சொல்கிறேன்: பாதியைச் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். 'வேடிக்கை மிகுதி, கருத்துக் குறைவு' என்று ஓரத்தில் எழுதியுமிருப்பேன். அத்தீர்ப்பு அக்கதைகளைப் பொறுத்தவரை இன்றும் சரியானதே. ஆனால் அவ்விளைஞன் எட்டாண்டு கழித்து, 1945 ஒக்டோபரில், புவியைச் சுற்றும் செய்மதிகள் மூன்றால் உலகு முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று கணித்துக் கட்டுரை எழுதினான். மனிதரை மின்கம்பியில் அனுப்பலாமா என்று விளையாட்டாக எண்ணிப் பார்த்த மனமே அதனையும் எண்ணிற்று. எமது சிவப்பு மை விளையாட்டை வெட்டியிருந்தால் மற்றதையும் வெட்டியிருக்குமோ என்பது எமக்கு இன்னும் விடை கிட்டாத ஐயம். கிளார்க்கின் பாடசாலையில் ஆங்கில ஆசிரியரொருவர் பாடசாலைச் சஞ்சிகையில் அவர் எழுத இடங்கொடுத்தார் என்பதையும், அக்கடனைக் கிளார்க் பின்னர் மறவாது கூறினார் என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைத்தல் தகும்.

இளமை நினைவு மறைக்கும் மற்றொன்று பூசல். சாம் மொஸ்கோவிட்ஸ் என்பார் 1930களின் இரசிகர் உலக வரலாற்றை எழுதி, முதலில் ஓர் இரசிகர் ஏட்டிலேயே தொடராக வெளியிட்டு, 1954இல் 'த இம்மோர்டல் ஸ்டோர்ம்' என்னும் நூலாக்கினார். சில நூறு பேரின் சச்சரவுகளைப் பாரதப் போரின் அளவிற்கு விரித்திருக்கிறார் என்று பலரும் நகைத்தனர். நடையும் கனத்தது. ஆயினும் மேற்கூறிய இனிய நூல்களை விட இக்கரடுமுரடான நூலையே ஒரு வகையில் யாம் மதிக்கின்றோம். இங்குச் சிறுவர் சிறுவராகவே சண்டையிடுகின்றனர். 1939 யூலையில் நியூ யோர்க்கில் முதலாவது உலக மாநாடு கூடியபோது, மொஸ்கோவிட்சும் அவர் கூட்டாளிகளும் எதிரணியைச் சேர்ந்த அறுவரை வாயிலில் மறித்து உள்ளே விடவில்லை. அவ்வறுவருள் பிரெடரிக் போல், சிறில் கோர்ண்புளூத், டொனால்ட் வொல்ஹைம் ஆகியோர் இருந்தனர். பின்னாளில் அத்துறையின் தூண்களானவர்கள். அதே அணியைச் சேர்ந்த அசிமோவ் மறிக்கப்படாமல் உள்ளே சென்று அமர்ந்தார். நண்பர் வெளியே நிற்கத் தாம் உள்ளே இருந்த குற்றவுணர்வை அவர் பின்னர் எழுதினார். அப்பக்கங்கள் அவர் தொகுத்த கதைகள் பலவற்றினும் மேலானவை. மண்டபத்தின் உள்ளே இருநூறு பேர், வெளியே அறுவர். கோர்ண்புளூத் 1958இல் முப்பத்துநான்கு வயதில் இறந்துபோனார். நினைவு நூல் எழுதும் முதுமை அவருக்கு வாய்க்கவில்லை. எஞ்சியிருப்போரே நினைவு எழுதுகின்றனர் என்பதையும் இத்துறையை வாசிப்போர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஏடுகள் இன்று எங்குள்ளன? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் றிவர்சைட் வளாகத்து ஈற்றன் தொகுதியில் ஏராளம் உள்ளன. ஐயோவாப் பல்கலைக்கழகம் 2012இல் பெற்ற ஹெவெலின் தொகுதியை எண்ணிமப் படமாக்கத் தொடங்கியது. அவற்றைப் பேணுவோர்க்குக் காகிதமும் மையும் ஒருங்கே பகை. மரக்கூழ்க் காகிதம் தன் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்கும். ஹெக்டோகிராப் ஊதாவோ ஒளி பட்டால் மங்கும். படிப்பதற்கு ஒளி வேண்டும். ஒளியிற் படித்தால் எழுத்து மறையும்.

இத்துறையில் யாம் தலையாயதாகக் கொள்ளும் நூல் நினைவு நூலே அன்று. பெல்பாஸ்ற் நகரில் வோல்ட் வில்லிஸ் என்பார் 1948 முதல் 'சிலாண்ட்' என்னும் ஏட்டை, எழுத்தெழுத்தாகக் கையால் அச்சுக் கோத்து வெளியிட்டார். அவருக்குத் துணைநின்ற இளைஞருள் ஜேம்ஸ் வைட்டும் பொப் ஷோவும் பின்னர் எழுத்தாளராயினர். வில்லிசும் ஷோவும் சேர்ந்து 1954இல் எழுதியது 'தி என்சாண்டட் டூப்ளிக்கேற்றர்' என்னும் உருவகக் கதை. பனியனின் 'மோட்சப் பிரயாணம்' அதற்கு முதனூல். அந்நூலைக் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தின் வழி அறிந்த தமிழ் மாணவனுக்கு இவ்வமைப்புப் புதிதாகாது. சாதாரண நாட்டின் சலிப்பூரில் வாழும் ஜோபன் என்னும் இளைஞன், இரசிகத் தேவதையின் கோல் பட்டு, பழுதற்ற ஏடொன்றை வெளியிடவல்ல மந்திரப் பிரதிப்பொறியைத் தேடிப் புறப்படுகின்றான். அசட்டைப் பாலைவனம், கண்டனப் பள்ளத்தாக்கு, எல்லாவற்றையும் விட்டு நீங்குவோர் களைப்பாறும் சோலை ஆகியவற்றைக் கடந்து உச்சிக் கோபுரத்தை அடைந்தால், அங்கிருப்பது துருவேறிய பழைய இயந்திரம். ஏமாற்றத்தோடு அவன் பிடியைத் தொட்ட பின்னரே அது மந்திரப் பொறியாகின்றது. நூலில் நகைச்சுவை மிகுதி, குழுக்குறியும் மிகுதி. எனினும் கழிந்த பொற்காலம் எதுவும் அதில் இல்லை. ஏடு நடத்துவோர் தாம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, தம் கையிலுள்ள துருவை அறிந்தே எழுதியது அது. முப்பதாண்டு பொறுத்து எழுதப்பட்ட நூல்களில் இல்லாத தெளிவு அதற்கு அதனால் வந்தது என்று கருதுகின்றோம்.

பொப் ஷோ பின்னர் 1966இல் எழுதிய 'லைட் ஒவ் அதர் டேஸ்' என்னும் சிறுகதை, பழைய அஸ்டவுண்டிங் பெயர் மாறி 'அனலொக்' ஆனபின் அதில் வெளிவந்தது. ஒளி ஊடுருவிச் செல்ல ஆண்டுக்கணக்கிற் காலம் எடுக்கும் ஒருவகைக் கண்ணாடி அக்கதையின் கரு. பத்தாண்டு மலையடிவாரத்தில் நிறுத்திவைத்த கண்ணாடியை நகரத்து வீட்டுச் சாளரத்திற் பொருத்தினால், அடுத்த பத்தாண்டுக்கு அம்மலையும் ஏரியுமே தெரியும். விற்பவனான ஹேகன் தன் வீட்டின் வெளிச்சுவரில் அமர்ந்து வாங்க வந்த தம்பதியரோடு பேசுகின்றான்; அவன் கண் அடிக்கடி சாளரத்தின் பக்கம் செல்கின்றது. உள்ளே அவன் மனைவியும் சிறுமகனும் நடமாடுவது தெரிகின்றது. மழைத்தூறலில் போர்வையொன்றைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற பெண் கதவைத் திறந்தபோது, வீட்டில் ஒருவருமில்லை. கூடத்தில் ஈரமும் குப்பையுமாகத் தனியொருவன் வாழும் அலங்கோலம் மட்டும் இருந்தது. மனைவியும் மகனும் வீதி விபத்தில் இறந்து ஆண்டுகள் ஆறு.

ஊதா மை விரல்களோடு ஏடு நடத்தியோரின் ஏக்கத்தைப் பற்றி அவர்களுள் ஒருவர் எழுதிய மிக நல்ல பக்கங்கள் இவையே என்பது எமது துணிபு. அக்கதையில் இரசிகர் ஏடு என்னும் சொல் ஓரிடத்தும் வரவில்லை. ஷோ அக்கண்ணாடியை உடைக்கவுமில்லை, போற்றவுமில்லை. தம்பதியர் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டு மலையிறங்கிச் செல்கின்றனர். ஹேகன் சுவரில் மீண்டும் அமர்ந்து சாளரத்தைப் பார்க்கின்றான்.